மலையிறங்கி மேமோகிராம் எடுக்கப் போகிறீர்களா? படம் ஓரம் வரை தெளிய 25 குறிப்புகள்

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று ஊராட்சிகள். அவற்றுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள். இங்கிருக்கும் ஒரு பெண் மேமோகிராம் எடுக்க வேண்டுமென்றால் மலையிறங்கித்தான் ஆக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா கையால் மார்பைப் பரிசோதித்துச் சொல்வார். மேமோகிராம், அதாவது மார்பை எக்ஸ்ரே எடுக்கும் கருவி பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கும். ஒரு நாள் கூலியை விட்டு, பிள்ளைகளை அக்கம்பக்கத்தில் ஒப்படைத்து, பஸ் பிடித்துப் போய் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, “ஓரம் சரியா விழலம்மா, இன்னொரு நாள் வாங்க” என்றால் எத்தனை பேர் திரும்பப் போவார்கள்? முதல் தடவையே படம் முழுமையாக விழ வேண்டும். அதில் பாதி வேலை எக்ஸ்ரே எடுப்பவருடையது. மீதிப் பாதி வீட்டிலேயே தொடங்குகிறது.

2023 நவம்பரில் தமிழக அரசு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான சமுதாயப் பரிசோதனைத் திட்டத்தை முதலில் நான்கே மாவட்டங்களில் தொடங்கியது. ஈரோடு, ராணிப்பேட்டை, கன்னியாகுமரி, அவற்றோடு நம் திருப்பத்தூர். 30 வயது கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை அதில் அடக்கம். 2022-ல் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் 98,000-க்கும் அதிகமானோர் அந்த நோயால் இறந்தார்கள். பரிசோதனைக்கு அழைப்பு வந்தால் தள்ளிப்போடாமல் போங்கள். அங்கே ஏதோ சந்தேகம் தெரிந்து மேமோகிராமுக்கு அனுப்பினால், கீழே உள்ளவற்றைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

1. படத்தின் ஓரம் என்றால் மூன்று ஓரங்களையும் நினைவில் வையுங்கள். ஒன்று, முன்பக்கம்: தோலும் காம்பும் இருக்கும் விளிம்பு. இரண்டு, பின்பக்கம்: மார்பு நெஞ்சோடு ஒட்டும் இடம். மூன்று, அக்குளுக்குள் ஏறிப்போகும் மேல் மூலை. மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதி, அக்குளை ஒட்டிய அந்த மேல்-வெளிப் பகுதியில்தான் தோன்றுகின்றன. தோல் தடித்துப்போவதும், காம்பு உள்ளே இழுபடுவதும் முன் விளிம்பில் தெரியும். நடுப்பகுதி மட்டும் அழகாக விழுந்த படம் பாதிப் படம்தான்.

2. ஓரம் ஏன் தெளியாமல் போகிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற குறிப்புகள் எளிதில் புரியும். ஆப்பத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெல்லிசு. நடு வேகும் அளவுக்குத் தீ வைத்தால் ஓரம் கருகும். எக்ஸ்ரேயும் அப்படித்தான். தகடுகளுக்கு இடையே அழுத்தப்பட்ட மார்பு நடுவில் 4, 5 செ.மீ. தடிப்பாக இருக்கும், விளிம்புக்குப் போகப் போகக் குறைந்து ஒன்றுமில்லாமல் முடியும். நடுவுக்குத் தேவையான கதிர் ஓரத்தில் தடையின்றிப் பாய்ந்துவிடுவதால் அங்கே படம் கரிக்கட்டையாகக் கறுத்துவிடும். பழைய பிலிம் காலத்தில் டாக்டர்கள் ஒரு தனி வெளிச்ச விளக்கை வைத்துக்கொண்டு, கறுத்த ஓரத்துக்குப் பின்னால் பிடித்துப் பிடித்துத் தோல்கோட்டைத் தேடுவார்கள். இப்போதைய டிஜிட்டல் கருவியில் கம்ப்யூட்டரே ஓரத்தின் கறுப்பைக் குறைத்து, நடுவோடு சமப்படுத்திக் காட்டுகிறது. தொண்ணூறுகளில் இதற்கான கணக்குமுறைகள் வந்த பிறகு, ஒரே பார்வையில் தோல் முதல் நெஞ்சு வரை பார்க்க முடிகிறது. ஆனால் கருவிக்குள் விழாத சதையை எந்தக் கம்ப்யூட்டராலும் கொண்டுவர முடியாது. அதைக் கொண்டுவருவது நிற்கும் விதமும், எடுப்பவரின் கைப்பக்குவமும்தான்.

3. மாதவிடாய் வருபவர்கள், அது தொடங்கிய நாளிலிருந்து ஒரு வாரம் கழித்து வரும் நாட்களைத் தேர்ந்தெடுங்கள். அப்போது மார்பில் வீக்கமும் வலியும் குறைவு. வலி குறைந்தால் நன்றாக அழுத்தவிடுவீர்கள். அழுத்தம் சரியாக இருந்தால் ஓரம் சீராக விழும். ஆனால் கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். சாமை அறுப்பு முடியட்டும், புளி உலுக்கி முடிக்கட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். அடுத்த நாளே கிளம்புங்கள். நோய் கண்டறிந்து முடிவு சொல்வதை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த இலக்கு. மலையில் ஒரு போகம் காத்திருந்தாலே அந்த 60 நாள் ஓடிவிடும்.

4. கிளம்புமுன் போன் செய்துவிடுங்கள். கருவி வேலை செய்கிறதா, எடுக்கும் பெண் ஊழியர் அன்று இருக்கிறாரா, டிஜிட்டல் கருவிதானா என்ற மூன்று கேள்விகள் போதும். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழைக்கலாம், அல்லது உங்களை அனுப்பும் நர்சம்மாவையே விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். திருப்பத்தூரிலிருந்து வேலூர் வரை போக வேண்டியிருந்தால் இன்னும் 90 கி.மீ. அளவுக்குப் பயணம் இருக்கிறது. போய் நின்றபின் “இன்னைக்கு மெஷின் ரிப்பேர்” என்று கேட்கும் நிலை வரக்கூடாது.

5. அன்று காலை சோப்பும் தண்ணீரும் மட்டும். குளித்தபின் மார்பிலும் அக்குளிலும் பவுடர் வேண்டாம், சென்ட் வேண்டாம், வியர்வை நாற்றத்துக்குப் பூசும் எதுவும் வேண்டாம். இவற்றில் உள்ள கனிமத் துகள்கள் எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். ஆரம்பக்கட்டப் புற்றுநோயின் சுண்ணாம்புப் புள்ளிகளும் அப்படித்தான் இருக்கும். அக்குள் ஓரத்தில் நாலு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டாக்டர் அதைப் பவுடர் என்று விட்டுவிடவும் முடியாது, நோய் என்று சொல்லவும் முடியாது, திரும்ப அழைப்பார். நெஞ்சில் பூசிய விபூதி, சந்தனம் இருந்தாலும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். நெற்றியில் இருப்பதை யாரும் துடைக்கச் சொல்ல மாட்டார்கள்.

6. மார்பின் அடிமடிப்பில் வேர்க்குருவோ அரிப்போ இருந்தால் பலரும் காலமைன் லோஷன் போடுவார்கள். அதில் இருக்கும் துத்தநாகம் எக்ஸ்ரேயில் தெரியும். வேறு சில களிம்புகளும் அப்படியே. இரண்டு நாள் முன்பே நிறுத்தி, மடிப்பை நன்றாகக் கழுவி, காயவிடுங்கள். புண் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மடிப்புப் புண்ணோடு அழுத்தினால் வலியில் உடம்பு பின்வாங்கும். படத்தின் அடி ஓரம் விட்டுப்போகும்.

7. உடுப்பு: புடவையும் முன்பக்கம் ஊக்கு வைத்த ஜாக்கெட்டும் மிகவும் வசதி. மேல்பகுதியை மட்டும் விலக்கினால் போதும். நைட்டியோ முழு நீளக் கவுனோ போட்டுப் போனால் முழுதாகக் கழற்ற வேண்டிவரும், கூச்சம் அதிகமாகும். கூச்சத்தில் தோள் இறுகும், இறுகிய தோளோடு அக்குள் ஓரம் சரியாக விழாது.

8. கழுத்தில் இருப்பவை. பாசிமணி, கருகமணி, தாயத்து, செயின் எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் கழற்றித் தொலைத்த கதைகள் ஏராளம். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அதை முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டு, முன்னால் வராதபடி முடிச்சிட்டுக்கொள்ளலாம். கட்டாயம் கவனிக்க வேண்டியது தாலிக்கயிற்றிலும் ஜாக்கெட் ஓரத்திலும் கோத்து வைத்திருக்கும் ஊக்குகள். முள் எடுக்க, பட்டன் போனால் மாட்ட என்று நாம் ஊக்கு கோத்து வைப்பது பழக்கம். அவை படத்தின் பின்பக்க ஓரத்தில் பளிச்சென்று வெள்ளையாக விழுந்து, அடியில் உள்ளதை மறைத்துவிடும்.

9. முடியைக் கொண்டையாகத் தூக்கிக் கட்டுங்கள். தோளில் விழும் சடை, முன்னால் சரியும் முடிக்கற்றை இரண்டுமே படத்தில் கோடுகளாக வரும். கம்மலைக்கூட நீளமாகத் தொங்கும் ஜிமிக்கியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. வெறும் வயிற்றோடு போக வேண்டாம். ரத்தப் பரிசோதனை மாதிரி நினைத்துப் பட்டினியாக வருகிறவர்கள் நிறையப் பேர். மேமோகிராமுக்கு அது தேவையே இல்லை. வளைவுப் பாதையில் வாந்தி வரும் என்று பயந்து சாப்பிடாமல் வருகிறவர்கள் கூட, கீழே இறங்கியதும் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நின்றபடி அழுத்தும்போது தலை சுற்றி மயக்கம் வருவது பசித்த வயிற்றில் அதிகம்.

11. ஒரு பருத்தித் துண்டு கையில் இருக்கட்டும். பஸ்ஸில் இறங்கி வந்த வியர்வையோடு நின்றால் மார்பு தகட்டில் வழுக்கும். எடுப்பவர் முன்னால் இழுத்துப் பிடித்த சதை நழுவிப் பின்னால் போய்விடும், நெஞ்சோரம் விட்டுப்போகும். முகம் கழுவி, மார்பின் அடியையும் அக்குளையும் ஈரமில்லாமல் துடைத்து, விசிறிக்குக் கீழே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு உள்ளே போங்கள்.

12. தோள் பயிற்சி. என் கணக்கில் இந்தப் பட்டியலிலேயே அதிகம் பேர் யோசிக்காத குறிப்பு இதுதான். விறகுக் கட்டும் தண்ணீர்க் குடமும் சுமந்து பழகிய தோள்கள் நாளடைவில் இறுகிப்போகின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இன்னும் அதிகமாக இறுகும். சாய்வாக எடுக்கும் படத்தில் கையை ஒரு கம்பியின் மேல் வைத்துத் தோளைத் தளர்த்தினால்தான் அக்குள் பகுதியும் நெஞ்சுத் தசையும் படத்துக்குள் இறங்கும். அதனால் ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டு நிலைக்கதவில் பழகுங்கள். நிலையை ஒட்டி நின்று, கையைத் தோள் உயரத்தில் மரத்தின்மேல் வைத்து, முழங்கையை மடக்கித் தொங்கவிட்டு, தோளைக் கீழே இறக்குங்கள். உடம்பைச் சற்றே முன்னால் சாய்த்து, மூச்சைச் சாதாரணமாக விடுங்கள். விரல்களால் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் வேண்டாம். பிடித்தால் நெஞ்சுத் தசை விறைத்துவிடும். கை ஏறவே இல்லை, வலிக்கிறது என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கேற்பக் கோணத்தை மாற்றுவார்கள்.

13. உள்ளே போனதும் சொல்ல வேண்டியவை: கட்டி தட்டுப்பட்ட இடம் எது, எத்தனை நாளாக, முன்பு ஆபரேஷன் நடந்திருந்தால் தழும்பு எங்கே, மச்சம், மரு எங்கே, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா, காம்பு பிறவியிலிருந்தே உள்வாங்கியிருக்கிறதா, இப்போதுதான் இழுபட்டதா. மருவும் தழும்பும் படத்தில் கட்டிபோலத் தெரியக்கூடும். அவற்றின் மேல் சின்ன அடையாளப் பொட்டு ஒட்டி எடுத்தால் டாக்டருக்குக் குழப்பம் இராது.

14. பால் கொடுக்கும் தாய்மார்கள் உள்ளே போவதற்குச் சற்று முன் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள், அல்லது பீய்ச்சிவிடுங்கள். பால் கட்டிய மார்பு படத்தில் வெள்ளையாக மண்டிக்கிடக்கும்.

15. மேலிருந்து கீழாக எடுக்கும் படத்துக்கு: கருவியை நேராகப் பார்த்து நின்று, நெஞ்சை முன்னால் கொடுத்து, வயிற்றை உள்ளிழுக்காமல் பின்னால் தளரவிடுங்கள். முகத்தை எடுப்பவர் சொல்லும் பக்கம் திருப்பி, நாடியை உயர்த்துங்கள். அந்தப் பக்கத்துத் தோளைத் தொங்கவிடுங்கள். எடுப்பவர் மார்பை அடியிலிருந்து தூக்கி முன்னால் இழுப்பார். அது சங்கடமாக இருக்கும், ஆனால் அதுதான் பின்பக்க ஓரத்தைப் படத்துக்குள் கொண்டுவரும் ஒரே வழி. கருவியின் அமைப்பிலேயே நெஞ்சை ஒட்டிச் சில மில்லிமீட்டர் சதை விழாமல் போகும்; 5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று ஐரோப்பிய விதிகள் சொல்கின்றன. நாம் பின்னுக்கு நகர்ந்தால் அது 2, 3 செ.மீ. ஆகிவிடும். அங்கே ஒரு கட்டி இருந்தால் அவ்வளவுதான், படத்தில் அது இல்லை.

16. சாய்வாக எடுக்கும் படம்தான் அக்குள் ஓரத்துக்கான படம். வீட்டு நிலையில் பழகியதை இங்கே செய்யுங்கள். மற்றொரு மார்பு நடுவே வந்து மறைக்காமல் இருக்க அதை உங்கள் கையாலேயே ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். வயிறு தகட்டில் முட்டினால் அடிமடிப்பு மூடிக்கொள்ளும். இடுப்பை எப்படி வைக்கச் சொல்கிறாரோ அப்படியே வையுங்கள்.

17. அழுத்தும்போது வலிக்கும். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் எதற்கு அழுத்துகிறார்கள் என்று தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மார்பு பரவி மெலியும்போது நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள தடிப்பு வித்தியாசம் குறைகிறது, ஒன்றின்மேல் ஒன்று மறைத்த சதைகள் பிரிகின்றன, குறைந்த கதிரே போதுமானதாகிறது. 1913-ல் பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், வெட்டியெடுத்த மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் இந்தத் துறையைத் தொடங்கி வைத்தார். உயிருள்ள பெண்களுக்கு அழுத்தி எடுத்தால் படம் தெளியும் என்பதை நாற்பதுகளின் கடைசியில் உருகுவே நாட்டு மருத்துவர் ரவுல் லெபோர்ன் வலியுறுத்தினார். 1960-களில் பிரான்சின் சார்ல் குரோ மார்புக்கென்றே தனிக் கருவி அமைத்தார். இன்றுவரை கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. அழுத்தம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் அது சில விநாடிதான். தாங்க முடியாத வலி என்றால் கையைத் தட்டி விடாதீர்கள், வாயால் சொல்லுங்கள்: “கொஞ்சம் மெதுவா அழுத்துங்க சிஸ்டர்.” படிப்படியாக அழுத்துவது எல்லோருக்கும் எளிது.

18. மூச்சை ஒரு கணம் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். ஆழமாக இழுத்துப் பிடிக்கத் தேவையில்லை, இழுத்தால் நெஞ்சு விரிந்து மார்பு நகரும். இருந்த இடத்தில் அப்படியே நில்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்தாலும் தோல்கோடு மங்கிப்போகும்.

19. சின்ன மார்பு, பெரிய மார்பு என்ற கூச்சம் இங்கே வேண்டாம். பெரிதாக இருந்தால் ஒரே படத்தில் அடங்காமல் ஓரம் வெட்டுப்படும். அப்போது பகுதி பகுதியாகக் கூடுதல் படங்கள் எடுப்பார்கள். “மத்தவங்களுக்கு நாலு, எனக்கு ஏன் ஆறு?” என்று பயப்பட வேண்டாம். சின்னதாக இருந்தால் அதற்கேற்ற சின்னத் தகட்டை மாட்டுவார்கள். ஆண்களுக்கும் அரிதாக இந்த நோய் வரும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ காம்புக்கு அடியில் கட்டி இருந்தால் அவர்களையும் அனுப்பி வையுங்கள்.

20. எடுத்து முடித்ததும் உடனே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள். “படத்தை ஒரு தடவை பாத்துடுங்க மேடம், நான் மலையிலிருந்து வர்றேன், திரும்ப வர்றது கஷ்டம்” என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது உங்கள் உரிமை. டிஜிட்டலில் படம் சில விநாடிகளில் திரையில் வந்துவிடும். எடுப்பவர் அங்கேயே சரிபார்ப்பவை இவை: சாய்வுப் படத்தில் நெஞ்சுத் தசை முக்கோணமாக இறங்கிக் காம்பின் மட்டம் வரை வந்திருக்கிறதா, அடிமடிப்பு விரிந்து தெரிகிறதா, காம்பு பக்கவாட்டில் தனியாகத் தெரிகிறதா, சதைக்குள் புதைந்து கட்டி போல நிற்கிறதா, ஓரத்தில் தோல் மடிந்து வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா. காம்பிலிருந்து பின்பக்கம் வரை உள்ள நீளம் இரண்டு கோணப் படங்களிலும் 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசப்படக் கூடாது என்பதும் அவர்கள் பார்க்கும் கணக்கு. குறை இருந்தால் அந்த ஒரு படத்தை மட்டும் உடனே மறுபடி எடுத்துவிடலாம். கதிர் கூடுதலாகுமே என்று அஞ்ச வேண்டாம். சராசரி மார்புக்கு ஒரு படத்தின் அளவு 3 மில்லிகிரேயைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு உண்டு. இந்தியாவில் எக்ஸ்ரே கருவிகள் இயங்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். தெளியாத படத்தை வீட்டுக்குக் கொண்டுபோவதைவிட ஒரு படம் கூடுதலாக எடுப்பது எவ்வளவோ மேல்.

21. டாக்டர் கூடுதல் படம் கேட்டால் நோய் உறுதி என்று நினைத்துக் கலங்காதீர்கள். ஓரத்தில் தெரிந்த வெண்புள்ளி தோலிலேயே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று அறிய, அந்த இடத்தில் பொட்டு ஒட்டி, அது விளிம்பில் வரும்படி திருப்பி ஒரு படம் எடுப்பார்கள். தோலில்தான் என்று தெரிந்தால் பெரும்பாலும் அத்தோடு கவலை தீர்ந்தது. அக்குள் பக்கம் சந்தேகம் என்றால் மார்பைச் சற்றுத் திருப்பி வெளி ஓரத்தை எடுப்பார்கள். ஒரு சின்ன இடத்தை மட்டும் சின்னத் தகட்டால் அழுத்தி எடுப்பதும் உண்டு.

22. பழைய பிலிம் முறையா, டிஜிட்டலா என்று கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 49,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரண்டு முறையிலும் எடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2005-ல் வந்தது. மொத்தத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், அடர்த்தியான மார்பு உள்ளவர்களுக்கும் டிஜிட்டல் மேலாக இருந்தது. நம் நாட்டில் இந்த நோய் மேலை நாடுகளைவிட இளவயதிலேயே வருகிறது என்பதால் நமக்கு இது முக்கியம். 40 வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் ஸ்கேனும் சேர்த்துப் பார்ப்பார்கள். 30-க்குக் கீழே முதலில் ஸ்கேன்தான்.

23. முகாம் நடத்துகிறவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும்: மேமோகிராம் வண்டியை மலைக்கு வரவழைப்பது நல்ல காரியம். ஆனால் வளைவும் பள்ளமும் தாண்டிக் குலுங்கி வந்த கருவியில் நேராகப் பெண்களை நிறுத்தக் கூடாது. மார்பைப் போன்ற ஒரு பிளாஸ்டிக் கட்டையை முதலில் படமெடுத்து, அதற்குள் பதித்த நார்களும் புள்ளிகளும் உருண்டைகளும் தேவையான அளவுக்குத் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். இடம் மாறும் வண்டிகளுக்கு ஒவ்வொரு தடவையும் கருவியைச் சோதிப்பது அமெரிக்காவில் சட்டமாகவே இருக்கிறது. “சோதனைப் படம் எடுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டு வரிசையைத் தொடங்குங்கள்.

24. ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 0 என்று போட்டிருந்தால் நோய் இல்லை என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். 0 என்றால் “இந்தப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, இன்னும் படமோ ஸ்கேனோ பழைய படமோ தேவை” என்று அர்த்தம். ஓரம் விழாத படங்களும் இந்தக் கணக்கில் வருவதுண்டு. 1, 2 என்றால் பயமில்லை. 3 என்றால் பெரும்பாலும் 6 மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 4, 5 என்றால் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். தாமதம் கூடவே கூடாது. 1 அல்லது 2 வந்தவர்களும் கையால் பார்ப்பதை விட வேண்டாம். மேமோகிராம் ஏறக்குறைய எட்டில் ஒரு புற்றுநோயைத் தவறவிடுகிறது. நடுவிரல்கள் மூன்றின் உட்பகுதியால், கழுத்தெலும்பிலிருந்து அடிமடிப்புக்குக் கீழ் வரை, நெஞ்செலும்பிலிருந்து அக்குள் வரை, மேலும் கீழுமாகத் தடவிப் பாருங்கள். இங்கேயும் ஓரங்களை விடாதீர்கள். குழி விழுந்த தோல், ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, காம்பில் ஆறாத புண், ரத்தக் கசிவு எது தெரிந்தாலும் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நர்சம்மாவின் கைப்பரிசோதனையைக் குறைவாக எண்ணவும் வேண்டாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி இருபது ஆண்டுகள், ஒன்றரை லட்சம் பெண்களிடையே நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கொரு முறை கையால் பரிசோதித்ததில் நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயது கடந்தவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதைவிட இளையவர்களில் அந்த அளவு பலன் தெரியவில்லை. அதனால் கைப்பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றாலும் உங்களுக்கே சந்தேகம் இருந்தால் மேல்சோதனை கேளுங்கள்.

25. கையில் தரும் பிலிமோடு சிடியும் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட பிலிமில் ஓரம் கறுத்திருந்தால் கறுத்ததுதான். சிடியில் உள்ள படத்தை டாக்டர் திரையில் வெளிச்சம் கூட்டி, பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பார்க்க முடியும். ரிப்போர்ட் தயாராக நாளாகும் என்றால், சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருக்கும் ஒருவரின் போன் நம்பரையும் நர்சம்மாவின் நம்பரையும் எழுதிக் கொடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிலிமைச் சுருட்டவோ மடிக்கவோ வேண்டாம். அடுப்புப் பக்கத்துப் பரண், தகரக் கூரைக்கு அடியில் உள்ள தட்டி, வெயில் படும் ஜன்னல் எதுவும் ஆகாது. இப்போதைய பிலிம்கள் சூட்டில் கறுத்துவிடும். கனமான அட்டைக்கு நடுவே வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டும் பட்டாவும் இருக்கும் பெட்டியிலேயே படுக்கவைத்துவிடுங்கள். உறையின் மேல் எடுத்த தேதி, ஆஸ்பத்திரி பெயர், எந்தப் பக்கத்தில் சந்தேகம் இருந்தது என்பதைப் பேனாவால் எழுதுங்கள். அடுத்த தடவை எடுக்கப் போகும்போது அந்த உறையையும் கையோடு கொண்டுபோனால், டாக்டர் பழைய படத்தோடு புதியதை ஒப்பிட்டு அன்றைக்கே முடிவு சொல்ல வழியுண்டு.